களத்து மேட்டில் ஸ்கேட்போர்டு

கேள்வி: எங்கள் பக்கம் ஸ்கேட்போர்டு சொல்லித்தர ஆளில்லை. பின்சக்கரங்களில் மட்டும் ஓடும் ‘மேனுவல்’ வித்தையை வீடியோ பார்த்தே பழக முடியுமா?
– பாகூர் வாசகர்

பதில்: முடியும். வீடியோ கால் வைக்கும் இடத்தைக் காட்டும். ஆனால் உடல் எடை நகர்வதைக் காட்டாது. சிக்கல் அங்கேதான். பின்கால் பலகையின் வாலில், முன்கால் முன் திருகாணிகளுக்குச் சற்றுப் பின்னால், முழங்கால் மடங்கியபடி. வாலை அழுத்திப் பலகையைத் தூக்குவதில்லை. இடுப்பைப் பின்சக்கரங்களுக்கு மேலே நகர்த்தினால் பலகையின் மூக்கு (முன்முனை) தானே எழும். அதிகம் எழுந்தால் முன்காலால் மெல்ல அழுத்த வேண்டும். பார்வை பாதத்தில் அல்ல, சில அடி முன்னே.

முதலில் சக்கரம் உருளாத புல்தரையில் பழகலாம். பிறகு, அறுவடை இல்லாத நாட்களில் சிமென்ட் நெற்களம். கிராமத்தில் அதைவிட வழவழப்பான தரை ஏது? கரடுமுரடான சாலைக்கு கடினத்தன்மை அளவில் 78ஏ போன்ற மென்மையான சக்கரம் நல்லது. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம்.

பழகுவதைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம் பிடித்து, பாட வீடியோவோடு ஒப்பிட்டால் இடுப்பு எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

கிராமம் என்பது தடையல்ல. ஸ்கேட்போர்டு ஓட்டிய மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தியைப் பற்றிய ‘கமலி’ குறும்படம் 2020இல் பாஃப்டா திரைப்பட விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் 2015இல் ஸ்கேட் பூங்கா வந்தது. அங்கே இரண்டு விதிகள்: பெண் பிள்ளைகளுக்கே முதலிடம், பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை கிடையாது.