வாலாட்டினால் நட்பா?

"என்னிடம் வாலாட்டாதே" என்று ஒருவரை அதட்டும்போது, அவர் நம்மிடம் அன்பு காட்டுகிறார் என்றா பொருள்? ஆனால் நாய் வாலாட்டினால் மட்டும் அது நட்புதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். போன மார்கழியில், தில்லியில் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டருகே நின்ற தெருநாய்க்கு என் ஆறு வயதுப் பேரன் பிஸ்கட் நீட்டினான். "வாலை ஆட்டுது பார், பயப்படாமல் கொடு" என்று தைரியம் சொன்னவன் நான்தான். மறுநொடி அவன் கையில் பல் பதிந்துவிட்டது. ஸ்கூட்டருக்குப் பின்னால் சாக்கின் மேல் அதன் குட்டிகள் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

வாலாட்டல் என்பது நாயின் மனம் கிளர்ந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். மகிழ்ச்சியா, மிரட்டலா என்பதை உடம்பு முழுவதையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். இடுப்பும் சேர்ந்து அசைய, வால் தளர்வாக, அகலமாக ஆடினால் நட்பு. வால் விறைத்து நிமிர்ந்து, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் விலகிவிடுங்கள். எங்கள் படிக்கட்டு நாயின் வால் அப்படித்தான் இருந்தது. வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டால் பயம். ஒதுங்க வழியில்லாவிட்டால் பயந்த நாயும் கடிக்கும்.

மிரட்டும் நாயும் எஜமானிடம் குழையும் நாயும் தோற்றத்தில் நேரெதிராக இருப்பதை சார்லஸ் டார்வின் 1872-லேயே படங்களுடன் விளக்கினார். எஜமானைக் கண்டால் வால் வலப்பக்கமும், முரட்டு அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கமும் அதிகம் சாய்கிறது என்று 2007-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தெருவில் நின்று அதை அளந்து பார்க்க நமக்கு ஏது நேரம்!

வாலை நறுக்கிவிட்ட டாபர்மேனிடமும், சுருட்டை வால் பக் நாயிடமும் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது வீட்டு நாய் முகத்தைத் திருப்புகிறதா, மூக்கை நக்குகிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா, கடைக்கண்ணில் வெள்ளை விழி தெரிகிறதா? "போதும், விடு" என்கிறது. நாம் அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்போம்! அடுத்து உடம்பு சிலையாக உறையும், பிறகு உறுமும். உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் இம்மூன்றின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். நாய் நெருங்கினால் ஓடவோ கத்தவோ கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்காமல், கைகளை உடலோடு ஒட்டி, மரம்போல் நிற்கச் சொல்லிக்கொடுங்கள்.

கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகள் இப்போது இல்லை. பேரனுக்குக் கடிவாயைச் சுற்றி ஒரு மருந்தும், பிறகு தவணை முறையில் தடுப்பூசியும் போட்டார்கள். தடுப்பூசி எல்லாம் தோள்பட்டையில்தான்.