திண்ணையும் மதிலும்

நுழையும்முன்

கடற்கரை நகரத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் அலைகளைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அந்நகரின் வீதிகளையும் வீடுகளையும் ஒரு நூலைப் போலப் படிக்கவும் இயலும். அங்கு வாழ்ந்தோர் யாருடன் பழகினர், எதனை ஏற்றனர், எதனை விடாது காத்தனர் என்பவற்றைத் தூணும் திண்ணையும் சாளரமும் சொல்லும். புதுச்சேரியை அவ்வாறு படித்தறிய இப்பாடம் துணைசெய்கிறது.

ஓர் ஆறு, இரண்டு ஏரிகள்

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு ஒசூர், கிருஷ்ணகிரி வழியாகப் பாய்கிறது. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பிரியும் அதன் நீர் பாரூர்ப் பெரிய ஏரியை நிரப்புகிறது. அதே ஆறு கடலூருக்கு அருகே கடலில் கலக்குமுன், பங்காரு வாய்க்கால் வழியாகப் புதுச்சேரியைச் சார்ந்த பாகூர் ஏரிக்கும் நீர் தருகிறது. ஆகவே, கடலே காணாத பாரூர் மாணவருக்கும் புதுச்சேரி முற்றிலும் அயலூர் அன்று. ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகச் செல்லும் சாலை நம்மை அங்கே கொண்டு சேர்க்கும்.

மண்ணுள் மறைந்த துறைமுகம்

நகரின் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. இன்று அங்கே தோப்பும் மேடுமே காணப்படுகின்றன. 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடிகளும், இத்தாலி நாட்டுச் செந்நிற மட்கலங்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் நூல் குறிப்பிடும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இதனை அயலார் அமைத்த வணிக நிலையம் என்றே வீலர் எண்ணினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடைபெற்ற அகழாய்வு வேறோர் உண்மையை வலியுறுத்தியது. மத்தியதரைக்கடல் பொருள்கள் வந்து சேர்வதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர். வட்ட வட்டமாகப் புள்ளிக்கோலம் பதித்த மெல்லிய தட்டுகளும் முதலில் மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்தவையாகவே கருதப்பட்டன. அவை இந்திய மண்ணில் வனையப்பட்டவை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. வருவோரை வரவேற்கும் ஊர் ஒன்று ஏற்கெனவே இருந்தமையால்தான் மரக்கலங்கள் அங்கு வந்தன.

வாய்க்காலின் இருபுறம்

1674ஆம் ஆண்டில் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிலைநிறுத்தினார். 1693 முதல் 1699 வரை நகரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர், நேர்கோட்டு வீதிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் திட்டத்தை வகுத்தனர். 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் பழைய வீதியமைப்பின் மீதே நகரை மீண்டும் எழுப்பினர்.

நகரின் நடுவே ஓடிய பெரிய வாய்க்கால் நீர் வடிவதற்கு மட்டும் பயன்படவில்லை. கடற்கரைப் பக்கம் ஐரோப்பியர், மேற்குப் பக்கம் தமிழர் என மக்களையும் பிரித்தது. அவ்வேற்றுமை வீடுகளிலும் புலப்படுகிறது. பிரெஞ்சு வீடு உயர்ந்த மதிலாலும் பெரிய வாயிற்கதவாலும் வீதியிலிருந்து விலகி நிற்கிறது. அதன் அழகு, உள்ளே தூண்கள் சூழ்ந்த தாழ்வாரத்திலும் தோட்டத்திலும் அடங்கியுள்ளது. தமிழர் வீடோ தாழ்வாரத்தையும் திண்ணையையும் வீதியை நோக்கி நீட்டுகிறது. வழிப்போக்கர் அமரவும் அண்டை வீட்டார் அளவளாவவும் திண்ணை இடமளித்தது. அதனைக் கடந்தபின் ரேழி, முற்றம், கூடம், கொல்லை என வீடு விரிகிறது.

ஆயினும், இருபுறமும் சுவர் எழுப்பியவை உள்ளூர்க் கொத்தர்களின் கைகளே. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தேக்கு உத்தரமும் இருபுறத்தாருக்கும் பொதுவாயின.

கீழே தமிழ், மேலே பிரெஞ்சு

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவருடைய மாளிகை 1738இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கீழ்த்தளத்தில் தமிழ் மரபிற்குரிய மரத்தூண்கள் முற்றத்தைச் சூழ்ந்துள்ளன; மேல்தளத்தைப் பிரெஞ்சுப் பாணியில் அமைந்த செங்கல் தூண்கள் தாங்குகின்றன. பகலெல்லாம் பிரெஞ்சுக்காரரோடு பழகிய ஒருவர், தம் எண்ணங்களைத் தாய்மொழியில் பதிந்து வைத்ததற்கும் இவ்வீட்டின் அமைப்பிற்கும் உள்ள ஒப்புமை எண்ணத்தக்கது. அயல்மரபை ஏற்ற அவ்வீடு, தன் அடித்தளத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வீழ்ந்ததும் எழுந்ததும்

கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்திலிருந்து நின்ற நகராட்சிக் கட்டடமான 'மேரி', 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. உருவம் மீண்டது, ஏறத்தாழ 140 ஆண்டுகள் நின்ற சுவர்கள் மீளவில்லை.

சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். தளத்தில் தேங்கும் நீர் உத்தரங்களின் முனைகளை மட்கச் செய்யும். எனவே பழைய கட்டடத்தைக் காப்பதற்குப் பரிவு மட்டும் போதாது. தொழிலறிவும் இடைவிடாத பராமரிப்பும் வேண்டும். தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்புகளும் திண்ணைகளும் சீரமைக்கப்பட்டன. அப்பணி 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. அவ்வீதி காட்சிக்கூடமாக மாறவில்லை. மக்கள் வாழும் வீதியாகவே விளங்குகிறது.

நம் வீதிக்குத் திரும்புவோம்

தொழிற்சாலைகள் பெருகும் ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திலும் பழைய ஓட்டு வீடுகள் நாள்தோறும் குறைந்து வருகின்றன. வீதியை அகலப்படுத்தும்போது முதலில் மறைவது திண்ணை. புதிய வீடு கட்டுவது குற்றமன்று. இன்றைய வாழ்க்கைக்கு அது தேவையே. எதனை இழக்கிறோம் என்பதை அறியாமல் இழப்பதே வருந்தத்தக்கது. தொலைவிலுள்ள நகரைக் கண்டு வியந்த கண்கள், ஊர் திரும்பியதும் சொந்தத் தெருவைப் புதிதாய்க் காணுமாயின் அப்பயணம் பயனுடையதாகும்.

தெரிந்து தெளிவோம்

துபாசி – இரு மொழிகளை அறிந்து, அயல்நாட்டு வணிகருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்று செயல்பட்டவர்.

ரேழி – வீட்டின் தலைவாயிலுக்கும் முற்றத்திற்கும் இடைப்பட்ட நடைவழி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்றின் அமைப்பை வரைந்து, அதன் பகுதிகளுக்கு ஊரார் வழங்கும் பெயர்களை எழுதுக.

2. சுண்ணாம்புச் சாந்து அரைக்கும் முறையை, அத்தொழில் அறிந்த கொத்தர் ஒருவரிடம் கேட்டறிந்து குறிப்பெடுக்க.

3. 'திண்ணை மறைந்தபோது அதனுடன் மறைந்தவை' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.