கூட்டமில்லாச் சந்தையில் தங்கம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்)

அந்தி சாய்ந்த பின் வாரச் சந்தையில் தக்காளி விற்றவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். சரக்கு நல்லதாயினும், வாங்க நிற்பவர் ஒருவரே என்றால் அவர் சொல்வதுதான் விலை. பள்ளிக்கூடம் சென்றறியாத என் தாயார் இதை நன்கறிவார். கணிதம் பயிலும் நான் 2024 ஜூனில்தான் அறிந்தேன்.

என் அண்ணன் மில் கூலியில் மிச்சம் பிடித்து, அக்காவின் திருமணத்திற்கென்று தங்க இ.டி.எஃப். யூனிட்டுகள் ஆயிரம் சேர்த்திருந்தார். ஒரு யூனிட்டு ஏறக்குறைய 0.01 கிராம் தங்கத்துக்குச் சமம். அவற்றில் 500 யூனிட்டை விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது ஒரு யூனிட்டின் தங்க மதிப்பு 60 ரூபாய். நான் விலை குறிப்பிடாமல் 'மார்க்கெட் ஆர்டர்' போட்டேன். 100 யூனிட்டு 59.80க்கும், 200 யூனிட்டு 59க்கும், மிஞ்சிய 200 யூனிட்டு 57க்கும் போயின. 30,000 வரவேண்டிய இடத்தில் 29,180 வந்தது. குறைந்த 820 ரூபாய் அண்ணனுக்கு இரண்டு நாள் கூலி.

குறை தங்கத்தில் இல்லை. நம் நாட்டில் 2007இல் தங்கத்துக்கும், 2022இல் வெள்ளிக்கும் இத்தகைய நிதிகள் வந்தன. இன்று பல நிறுவனங்கள் தங்கத்தைப் பெட்டகத்தில் வைத்து யூனிட்டுகளாக விற்கின்றன. ஆனால் வாங்குவோர், விற்போர் கூட்டம் ஒரு சில நிதிகளிலேயே திரள்கிறது. மற்றவற்றில் கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் இடையே பெரும்பள்ளம் விழுகிறது. நிறுவனத்திடமே நேராகக் கொடுத்துவிடலாமே எனில், பொதுவாக 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பேரத்துக்கே அந்த வாசல் திறக்கும்! நமக்குப் பங்குச் சந்தையே கதி.

ஆகவே விற்குமுன் ஐ.என்.ஏ.வி. எனப்படும் அந்நேரத்து மதிப்பைப் பார்க்கவேண்டும். வர்த்தக நேரம் முழுதும் அது வெளியாகிறது. எந்த விலைக்கு எத்தனை யூனிட்டு வாங்க ஆள் நிற்கிறது என்னும் பட்டியலையும் பார்க்கவேண்டும். (நாள் சராசரி விற்பனையை நம்பவேண்டாம். என்றோ நடந்த ஒரு பெரிய பேரம் சராசரியை உயர்த்திவிடும். இடைநிலை அளவின் பெருமையைப் புள்ளியியல் வகுப்பில் கேட்டதுதானே!) பின்னர் இன்ன விலைக்குக் குறையாமல் என்று 'லிமிட் ஆர்டர்' போடவேண்டும். இதிலும் சங்கடம் உண்டு. அவ்விலைக்கு ஆள் வராவிட்டால் ஆர்டர் அன்றோடு காலாவதியாகிவிடும். விற்றாலும் பணம் கணக்கில் சேர அடுத்த வேலை நாள் ஆகும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விற்கப் போனால் 57க்கும் தலையாட்ட வேண்டியதுதான்.

மீதி 500 யூனிட்டை, அன்றன்றைய மதிப்புக்குப் பத்துக் காசு மட்டும் குறைத்து விலை வைத்தேன். முதல் நாள் ஒன்றும் விற்கவில்லை. "என்னடா ஆச்சு?" என்று அண்ணன் இருமுறை போன் செய்தார். இரண்டாம் நாள் 180 போயிற்று. நான்காம் நாள்தான் கடைசி யூனிட்டு விற்றது.