வரிப்புலியும் புள்ளிச்சுறாவும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



நம் திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில் அமராவதி அணை இருக்கிறது. அதைச் சூழ்ந்த மலைக்காடுகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அங்கே புலி உலவுகிறது. அணையிலிருந்து வரும் அமராவதி ஆறு கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகிறது. அந்த வங்கக் கடலில் திமிங்கிலச் சுறா நீந்துகிறது. இரண்டுமே அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்கள். இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போமா?

உருவமும் உணவும்

பூனைக் குடும்பத்தில் மிகப் பெரியது புலி. மீன்களில் மிகப் பெரியது திமிங்கிலச் சுறா. 12 மீட்டருக்கு மேலும் வளரும். பெயரில் திமிங்கிலம் இருந்தாலும் அது செவுள்களால் சுவாசிக்கும் மீனே. 'புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது' என்பார்கள். அது மானையும் காட்டுப்பன்றியையும் வேட்டையாடும். சுறாவோ வாயைத் திறந்தபடி நீந்தி, கடல்நீரை வடிகட்டி, நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் உண்கிறது. அது மனிதரை வேட்டையாடுவதில்லை.

ஓர் அழகிய ஒற்றுமை

ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு இருப்பதில்லை. ஒரு திமிங்கிலச் சுறாவின் வெண்புள்ளிகளும் அப்படியே. நம் கைரேகை போன்ற இவற்றைப் புகைப்படம் எடுத்தே ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கின்றனர்.

அழிவும் பாதுகாப்பும்

தோலுக்காகவும் எலும்புக்காகவும் புலிகள் கொல்லப்பட்டன. மரப்படகுகளுக்குப் பூசும் ஈரல் எண்ணெய்க்காகவும், இறைச்சிக்காகவும் குஜராத் கடலில் சுறாக்கள் கொல்லப்பட்டன. புலிகளைக் காக்கும் திட்டம் 1973-இல் தொடங்கியது. 2006-இல் 1,411 என மதிப்பிடப்பட்ட இந்தியப் புலிகள் 2022-இல் 3,682 ஆயின. திமிங்கிலச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்ததோ 2001-இல்தான்!

பெரிய வேற்றுமை

பெண் புலி மூன்று நான்கு ஆண்டுகளில் தாயாகிறது. ஓர் ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள் ஈனும். திமிங்கிலச் சுறா இனப்பெருக்கத்திற்குத் தகுதி பெற ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிடுகின்றனர். நாம் காலந்தாழ்த்தி விழித்தபோதும் புலி மீண்டு வந்தது. சுறாவால் அவ்வளவு விரைவில் மீள இயலாது. காட்டில் புலியை எண்ணுவது போல, ஆழ்கடலில் திரியும் சுறாவை எண்ணவும் முடியாது. குறைவது தெரியாமலே குறைந்துவிடும்.

நாம் கற்க வேண்டியது

முன்பு சுறாவைக் கொன்ற குஜராத் மீனவர்களே இன்று, வலையில் சிக்கிய சுறாவை வலையை அறுத்து விடுவிக்கிறார்கள். வலை என்பதும் நூல்தானே! நூலின் விலை திருப்பூர்க்காரர்களாகிய நமக்குத் தெரியாதா? அரசு இழப்பீடு தந்தாலும், பிழைப்புக்கு ஆதாரமான வலையை அறுக்கப் பெரிய மனம் வேண்டும்.

தோழியரே, புலியின் படத்தை நாம் எல்லோரும் நோட்டுப் புத்தக அட்டையில் பார்த்திருக்கிறோம். கண்ணில் படாத அந்தப் புள்ளிச்சுறாவையும் நினைவில் வைப்போம். மலையில் தொடங்கும் ஆறு கடலில்தான் முடிகிறது. நம் அன்பு மட்டும் மலையோடு நின்றுவிடலாமா?