நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘நரம்புதானே’ என்று சொல்லாதீர்கள்

“சாறே, இது பிளேடு இல்லே, நரம்புதானே! நரம்புக்கு எதுக்குக் கண்ணாடி?”

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் புல் வெட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வருகிறது. புல் வெட்டும் மெஷினை வாடகைக்கு விடுகிறவர் சொல்கிறார். வேலைக்கு ஆள் கூப்பிட்ட வீட்டுக்காரர் சொல்கிறார். நீர் வடியும் கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு பரிசோதனைக்கு வந்து உட்காருகிறவரும், கண் சிவந்த காரணத்தைக் கேட்டால், “பிளேடுன்னா பயப்படணும், நான் நரம்புதான் போட்டிருந்தேன்” என்கிறார். கண் மருத்துவத் துறையில் இருக்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. நைலான் நரம்பு போட்டால் கண்ணுக்கு ஆபத்தில்லை என்பது பொய். இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லைக் கிராமங்களில் இப்போது உலவுகிற பொய்களில் அதிகக் கெடுதல் செய்வது இதுதான்.

இந்த மெஷின் இங்கே வீட்டுக்கு வீடு வந்ததற்குக் காரணம் உண்டு. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. திருவல்லாப் பக்கம் வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்த பிறகு, 2019-இல் கேரள அரசு கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தது. அது நல்ல முடிவு. ஆனால் ஜூன் மழைக்கும் துலா மழைக்கும் பிறகு ரப்பர் விளையிலும் வாழைத் தோட்டத்திலும் இடுப்பளவு எழும்பி நிற்கிற கம்யூனிஸ்ட் பச்சையையும் தொட்டாவாடியையும் எதைக் கொண்டு அழிப்பது? காரோடு, செங்கல், தனுவச்சபுரம், வெள்ளறடை என்று எந்தப் பக்கம் போனாலும் காலையில் காதில் விழுவது இந்த எஞ்சின் சத்தம்தான். மெஷினை நான் குறை சொல்லவில்லை. மருந்தைவிட இது எவ்வளவோ மேல். அதைப் பிடித்திருப்பவர்களின் தலைக்குள் இருக்கிற தவறான கணக்கைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நரம்பு சுற்றுகிற வட்டத்தின் விட்டம் சுமார் 40 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 7,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் நரம்பின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 146 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். இதே சுற்று வேகத்தில் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று பல் பிளேடு போட்டால்? வினாடிக்கு 92 மீட்டர்தான் வரும். நரம்பின் வட்டம் பெரிது, ஆகவே நுனியின் வேகமும் அதிகம். உயரமான புல்லில் சுமை ஏறும்போது எஞ்சின் சுற்று குறையும் என்பது உண்மைதான். குறைந்தாலும் அது கல்லை எறியப் போதுமான வேகம்தான்.

வேகம் மட்டும் அல்ல. பிளேடு போட்டவர் பிளேடு மழுங்கிவிடும் என்று பயந்து தரையிலிருந்து நாலு விரல் தூக்கியே பிடிப்பார். நரம்பு போட்டவருக்கு அந்தப் பயம் இல்லை. தரையோடு தரையாகத் தேய்த்து, மதிலின் ஓரம், தென்னை மூட்டின் ஓரம், படிக்கட்டின் ஓரம் என்று மண்ணையே வாரி அடிக்கிறார். நம் ஊர் மண்ணில் என்னவெல்லாம் கிடக்கிறது? செம்பாறைச் சரளை, உடைந்த ஓட்டுத் துண்டு, குப்பிச் சில்லு, பந்தல் கட்டிய கம்பியின் துண்டு. இப்போது ஆப்பிரிக்க நத்தையின் ஓடும் சேர்ந்துகொண்டது. நரம்பு இது அத்தனையையும் பொறுக்கி எறியும். தன்னையும் சிறு சிறு துண்டாக முறித்து எறியும்.

நரம்பு பாதுகாப்பானது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். பிளேடு காலில் பட்டால் எலும்பு வரை போகும். நரம்பு பட்டால் தோல் கிழிந்து தடிக்கும், கால் போகாது. அது வரை உண்மை. காலுக்கு உள்ள இந்த உண்மையைத்தான் நம்மவர்கள் கண்ணுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காலில் ஒரு பொடிக்கல் தெறித்தால் தடவிக்கொண்டு போய்விடலாம். கருவிழியின் நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். அதே பொடிக்கல் அங்கே பட்டால் தடவிக்கொண்டு போக முடியாது.

“வந்தா கண்ணை மூடிக்க மாட்டேனா?” என்று கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். மூட முடியாது தம்பி. இமை விழுவதற்குச் சுமார் பத்தில் ஒரு வினாடி வேண்டும். வினாடிக்கு நூறு மீட்டர் வேகத்தில் கிளம்பிய கல் உன் கண்ணுக்கு வர ஐம்பதில் ஒரு வினாடி போதும்.

அடிபட்ட கண்ணில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பெரிய கல் பட்டு ரத்தம் கட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிடுவார்கள். ஏமாற்றுவது சிறியது. புல்லின் துணுக்கோ மண்ணோ கருவிழியைச் சிராய்க்கிறது. அன்று ஒரு உறுத்தல், கொஞ்சம் நீர், அவ்வளவுதான். அந்தச் சிராய்ப்பு வழியாக ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் உள்ளே குடியேறுகின்றன. நாள்கள் சென்றபின் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அது பூஞ்சைப் புண். 1994-இல் மதுரை அரவிந்த் மருத்துவமனையில் மூன்று மாதத்தில் வந்த கருவிழிப் புண் நோயாளிகள் 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் சுமார் பாதியில் பூஞ்சை. அன்று விளைகளில் இந்த மெஷின் கிடையாது. நெல்தாளும் குச்சியும் மண்ணும் கையால் வேலை செய்தவர் கண்ணில் பட்டே அந்த நிலை. இப்போது அதே தாளையும் மண்ணையும் எஞ்சின் வைத்து முகத்தில் வீசிக்கொள்கிறோம். பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் சொட்டு மருந்து உண்டு. வாரக்கணக்கில் விட வேண்டும். ஆறினாலும் தழும்பு நிற்கும். தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை போகும்.

இரும்புத் துணுக்கு இன்னும் மோசம். பிளேடு பாறையில் உரசினாலும், நரம்பு பழைய கம்பியை அடித்தாலும், மணலளவு இரும்பு தெறித்து விழிக்குள் புகலாம். புகுந்த வழி தானே மூடிக்கொள்ளும். வலி அடங்கிவிடும், பார்வையும் நன்றாக இருக்கும், ஆள் வேலைக்குப் போய்விடுவார். உள்ளே இரும்பு துருப்பிடித்து, மாதங்களுக்குப் பிறகு விழித்திரையைக் கெடுக்கும். ‘டப்’ என்று ஏதோ பட்டது போலத் தோன்றினால், கண் தெளிவாகவே தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துப் பார்ப்பார்கள். இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது, அதன் காந்தம் துணுக்கை விழிக்குள்ளேயே நகர்த்திவிடும்.

அப்படியானால் என்ன கண்ணாடி? கூலிங் கிளாஸ் அல்ல. சாலையோரம் வாங்கிய கறுப்புக் கண்ணாடி உடைந்தால் அதன் சில்லும் கண்ணுக்குள்தான் போகும். பாலிகார்பனேட்டில் செய்த, பக்கவாட்டு மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என்.166-இல், ‘எஃப்’ குறியுள்ளது வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டைத் தாங்கும், ‘பி’ குறியுள்ளது 120 மீட்டர் வேகத்தில் வருவதைத் தாங்கும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேலேயே போடுகிற வகை வாங்கலாம். இதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். வலை வைத்த முகமூடி மட்டும் போதும் என்பதும் தப்பு. வலையின் கண் வழியாகப் பொடி வரும். வலை முகத்துக்கு, அதற்குள்ளே கண்ணாடி கண்ணுக்கு. இரண்டும் வேண்டும்.

பிடித்திருப்பவருக்கு மட்டும் அல்ல இந்த ஆபத்து. எந்தக் கம்பெனியின் கையேட்டைப் புரட்டினாலும் 15 மீட்டர் தூரத்துக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. இங்கே வீட்டுமனை அஞ்சு சென்ட். அஞ்சு சென்ட் என்றால் ஏறத்தாழ 14 மீட்டருக்கு 14 மீட்டர். அதாவது உங்கள் புரையிடத்தில் எந்த மூலையில் நின்று வெட்டினாலும் பக்கத்து வீட்டு அம்மச்சி உட்கார்ந்திருக்கிற திண்ணை அந்த 15 மீட்டருக்குள் வந்துவிடக்கூடும். மெஷினை இழுக்கும் முன் மதிலுக்கு அப்பால் ஒரு குரல் கொடுத்து, அவர்களை உள்ளே போகச் சொல்ல என்ன கஷ்டம்? பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் சாலை ஓரத்தை வெட்டாமல் இருக்க என்ன கஷ்டம்?

மற்ற நம்பிக்கைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

மெஷினின் பாதுகாப்புக் கார்டைக் கழற்றினால் நன்றாக வெட்டும் என்கிறார்கள். நரம்பை அளவாக நறுக்குகிற சிறு கத்தி அந்தக் கார்டில்தான் இருக்கிறது. கார்டு போனால் நரம்பு நீளும், எஞ்சின் திணறும், கிளட்ச் சூடேறும், கல் நேராக உங்கள் மேல் வரும். நரம்புக்குப் பதில் இரும்புக் கம்பியோ சங்கிலியோ போட்டால் ஒரே வீச்சில் முடியும் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். சங்கிலிக் கண்ணி அறுந்தால் அது தோட்டாவேதான். கண்ணி கோத்த உலோகத் தலைகளை இந்த மெஷினுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இலேயே தடை செய்துவிட்டது. மரம் அறுக்கிற 40 பல், 80 பல் வட்டத் தகட்டைப் புல்லுக்குப் போடுவதும் வேண்டாம். கல்லில் பட்டால் அதன் பல் நுனி பெயர்ந்து பறக்கும்.

பெரிய சி.சி. வாங்கினால்தான் மதிப்பு என்று நினைக்காதீர்கள். வீட்டைச் சுற்றிப் புல் மட்டும் வெட்ட 25 முதல் 35 சி.சி. தாராளம். சிறு மனைக்குப் பேட்டரி மெஷினே போதும். கனமான மெஷின் தோளை இறக்கும், தோள் இறங்கினால் கை தளரும், அப்போதுதான் நரம்பு கல்லில் போய் விழும். படிப்படியாக வெட்டிய ரப்பர் விளைக்கு முதுகில் மாட்டுகிற வகை நல்லது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்பதும் இல்லை. கையேட்டில் 50:1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. கூடினால் பிளக் கரிப்பிடிக்கும். பெட்ரோலில் இப்போது எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருவதால், கலந்துவைத்ததை மாதக்கணக்கில் கன்னாசில் வைக்கவும் கூடாது. பாட்டுக் கேட்க இயர்போன் மாட்டினால் காதுக்குப் பாதுகாப்பு என்கிற பையன்களுக்கு ஒன்று: 100 டெசிபல் சத்தத்தில் காது தாங்குவது ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்கிறது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ். எஞ்சின் சத்தத்தை மிஞ்சப் பாட்டைக் கூட்டினால் காது இன்னும் சீக்கிரம் போகும்.

இனி நான் சண்டை போட நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கண்ணில் ஏதாவது பட்டதும் நம்மவர்கள் போவது மெடிக்கல் ஸ்டோருக்கு. அங்கே கொடுப்பது பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் கலந்த சொட்டு மருந்து. அது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பு குறையும், “நல்ல மருந்து” என்று பெயர் வாங்கும். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்குத் தடையே இல்லாமல் போய்விடும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து இது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிட்டாய் போல விற்கிறார்கள். தாய்ப்பால் விடுவதையும் பச்சிலை பிழிவதையும் கண்டிக்கிற படித்தவர்கள் இதைக் கண்டிப்பதே இல்லை. எனக்கு இதுதான் தாங்கவில்லை.

செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள். நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களிடம் குளோராம்ஃபெனிகால் களிம்பைக் கொடுத்து, கருவிழி சிராய்ந்தவர்களுக்கு மூன்று நாள் போட வைத்தார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என்று 2001-இல் வெளியிட்டார்கள். நம்மிடம் வார்டுக்கு வார்டு ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு களிம்புக் குழாயும், சிராய்ப்பைக் காட்டிக்கொடுக்கிற ஃபுளோரசின் தாளும், ஒரு நீல விளக்கும், ஒருநாள் பயிற்சியும் கொடுத்தால் என்ன? கருவிழியில் வெள்ளை தெரிந்தாலோ, ஏதோ குத்தியது போலிருந்தாலோ அவர்களே திருவனந்தபுரம் அரசு கண் ஆஸ்பத்திரிக்கோ, தமிழ்நாட்டுப் பக்கத்துக்காரர்களை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கோ அனுப்பட்டும்.

விவசாய இயந்திரத்துக்கு மானியம் தருகிற எஸ்.எம்.ஏ.எம். திட்டத்தில் இந்த மெஷினுக்கும் மானியம் உண்டு. ரசீதில் கண்ணாடி இல்லை என்றால் மெஷினுக்கு மானியம் கிடையாது என்று ஒரு வரி சேர்க்கக் கிருஷிபவன்கள் மேலே எழுதட்டும். வாடகைக்குக் கொடுக்கிற கடைக்காரர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நரம்புச் சுருளைக் கொடுக்கிற அதே கையால் கண்ணாடியையும் கொடுத்து, அதற்கும் சேர்த்து முன்பணம் வாங்குங்கள். போட மாட்டேன் என்கிறவருக்கு மெஷினைக் கொடுக்காதீர்கள்.