வண்டி சத்தம் போடுகிறதா? மெக்கானிக்கிடம் போகும் முன் பார்க்க வேண்டியவை

"வண்டில ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுப்பவரின் பில் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். கடைவாசலில் வண்டியை முறுக்கிக் காட்டும்போது அந்தச் சத்தம் வரவே வராது. மெக்கானிக் ஊகத்தில் ஒரு பொருளை மாற்றுவார், அடுத்த வாரம் இன்னொன்றை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சத்தம் எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்று நாம் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 100 முதல் 150 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் பைக்குகளுக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தும்.

1. எடுத்த எடுப்பில் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். நம்பர் பிளேட், சைடு பேனல், செயின் கவர், லெக் கார்டு, சேலை கார்டு, சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஸ்பானர் என எதுவும் மேடு பள்ளத்தில் லொடலொடக்கும். ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சந்தேகமான பாகத்தை அழுத்திப் பிடிக்கும்போது சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டது. சைலன்சரை மட்டும் தொடாதீர்கள். சேலை கார்டு ஆடுகிறது என்று அதையே கழற்றி எறிபவர்கள் உண்டு. பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஒரு ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினால் தீர்கிற விஷயத்துக்குப் பின்னால் உட்காருபவரின் துப்பட்டாவைப் பணயம் வைக்காதீர்கள்.

2. எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இது. ஆளில்லாத நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். எஞ்சின் ஸ்லோவுக்கு இறங்கிவிடும், வண்டி தன் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும். சத்தமும் எஞ்சினோடு சேர்ந்து இறங்கினால் கோளாறு எஞ்சின் பக்கம். அதே வேகத்தில் தொடர்ந்தால் சக்கரம், செயின், பிரேக், டயர் இவற்றில் ஒன்று. ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துப் பார்க்கும் வீரத்தனம் வேண்டாம்.

3. அடுத்து வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ஓடவிடுங்கள். கரகரவென்று சத்தம் வந்து, கிளட்சைப் பிடித்தால் நின்று, விட்டால் மறுபடி வந்தால், கிளட்ச் பக்கமோ கியர் பாக்ஸ் பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். மாறாக, கிளட்சைப் பிடிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சைத் தள்ளும் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. எஞ்சின் சத்தம் என்று உறுதியானால் முதலில் ஆயில். அளவு குறைந்தாலும், மாற்றாமல் ஓட்டித் தண்ணீராக இளகிப்போயிருந்தாலும் மேல்பகுதி முழுக்கக் கலகலக்கும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பல வண்டிகளில் ஆயில் குச்சியை மரையில் திருகாமல் சும்மா நுழைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது முறை என்பது கையேட்டில் இருக்கும்.

5. சிலிண்டர் ஹெட்டிலிருந்து தையல் மெஷின் போல டிக் டிக் என்று சீராக வருவது டேப்பெட் சத்தம். முறுக்கினால் அதுவும் வேகம் பிடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறியபிறகு ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கும் என்பதால் காதால் கேட்டு அட்ஜஸ்ட் செய்வதை நம்ப வேண்டாம். "சத்தமே வரக் கூடாது" என்று மெக்கானிக்கை வற்புறுத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து. டேப்பெட்டை ரொம்பவும் இறுக்கினால் சத்தம் வராது, ஆனால் வால்வு முழுதாக மூடாமல் சூட்டில் கருகிவிடும். லேசான டிக் டிக் இருக்கட்டும்.

6. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் பக்கவாட்டில் சங்கிலி உரசுவது போலக் கேட்டால் டைமிங் செயினோ அதன் டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. ஆறிய எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் மறைகிற மெல்லிய தட்டல் பிஸ்டனுடையது. பழைய வண்டியில் அது வயதின் சத்தம். ஆயில் குறையாமலும் சைலன்சரில் நீலப்புகை வராமலும் இருந்தால் அவசரப்பட்டு போர் செய்யக் கொடுக்க வேண்டியதில்லை.

7. இருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏறும்போது எஞ்சினுக்குள் கோலிக்குண்டுகளை உலுக்குவதாக ஒரு சத்தம் வருகிறதா? பெட்ரோல் எரியவேண்டிய விதத்தில் எரியாமல் வெடிக்கிறது. முதல் மருந்து கியரைக் குறைப்பது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர் மூன்றாம் கியரைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. கியரைக் குறைத்தும் சத்தம் போகாவிட்டால் எஞ்சினுக்குள் கரி படிந்திருக்கலாம், வேறு வண்டிக்கான பிளக் மாட்டியிருக்கலாம், கலப்பட பெட்ரோலாகவும் இருக்கலாம்.

8. செயின். வீட்டிலேயே எளிதில் சரிசெய்யக்கூடியதும் இதுதான், நாம் அதிகம் கண்டுகொள்ளாததும் இதுதான். கிரீச் கிரீச் என்றால் வறண்டிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது சட் சட்டென்று அடித்தால் தொய்ந்திருக்கிறது. வேகத்தோடு சேர்ந்து உய்ய்ங் என்று இழுத்தால் ரொம்பவும் இறுக்கிவிட்டார்கள். இது தொய்வைவிட மோசம், பேரிங்கையும் சேர்த்துத் தின்றுவிடும். எஞ்சினை அணைத்து, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சாதாரண 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். முழுதாக மூடிய செயின் கவர் என்றால், அதிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் பார்க்கலாம். ஒரே இடத்தில் பார்த்து விட்டுவிடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு என்றிருந்தால் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை. ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தாலும் அப்படித்தான். செயினை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காமல் செட்டாக மாற்றுங்கள். கழிவு ஆயிலை ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. அதிலுள்ள அழுக்கும் உலோகத்தூளும் செயினைத் தேய்க்கத்தான் உதவும். 90 நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே போதும். எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் துணியோ விரலோ போகவே கூடாது.

9. ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போதெல்லாம் பின்னால் 'டக்' என்று ஒரு உதறல் வந்தால், செயின் சரியாக இருக்கும்பட்சத்தில் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கும். விலை குறைவு. கியர் பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. மழையில் நனைந்த மறுநாள் காலை டிஸ்க் பிரேக் கரகரத்தால் அது மேல்துரு. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். டிரம் பிரேக் கீச்சிடுவது பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசியால். இரும்போடு இரும்பு தேயும் கர்ர்ர் சத்தம் வேறு. பேடோ ஷூவோ முழுதாகத் தேய்ந்துவிட்டது, இனி தேயப்போவது டிஸ்க்கும் டிரம்மும்தான். பல வண்டிகளின் டிரம்மில் வெளியே ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அது குறித்த கோட்டைத் தொட்டால் ஷூ மாற்றும் நேரம்.

11. முன்பிரேக் பிடித்ததும் ஹேண்டில் பாருக்கு அடியில் 'டொக்'. இது கோன்செட். சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் பின்னால் அழுத்த முன்சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கோன்செட்டை இறுக்க வேண்டும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல நின்றால் இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

12. வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் ஒருமுறை சுற்ற ஒரு 'டக்' என்று, அதாவது இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு ஒருமுறை கேட்டால் டயரில் கல்லோ ஆணியோ ஏறியிருக்கும், அல்லது ரிம் ஓரிடத்தில் வளைந்திருக்கும். ஆணி என்றால் நடுரோட்டில் பிடுங்காதீர்கள், பஞ்சர் கடை வரை அது அடைப்பாக இருக்கட்டும். வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் வீல் பேரிங்கிலிருந்து வரலாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஹேண்டில் நடுங்கினால் காற்றழுத்தம், ஸ்போக்ஸ், டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்ற வரிசையில் பார்க்கலாம்.

13. ஃபுட்ரெஸ்டிலும் டேங்கிலும் புதிதாக அதிர்வு தெரிந்தால் எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளை முதலில் பாருங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றிய பிறகு அதிர்வு தொடங்கியிருந்தால் கேள்வியே வேண்டாம், அதுதான்.

14. புல்லட்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 70 மி.மீ. போரும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட பழைய 350 எஞ்சினில் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. ஒற்றைப் பெரிய பிஸ்டன் மேலும் கீழும் போவதன் அதிர்வு முழுதும் நம் கைக்கு வரும். 2021இல் வந்த கிளாசிக் 350இல் அந்த ஷாஃப்ட் இருப்பதால்தான் அது அவ்வளவு அமைதி. ஆகவே பழைய வண்டி அதிர்வதை நோயாக நினைக்க வேண்டாம். நேற்றுவரை இல்லாத அதிர்வு இன்று வந்தால் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். அவை தாமாகவே தளரும்.

15. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் சத்தம் எந்த இடம் என்று துல்லியமாகத் தெரியும். பழைய மெக்கானிக்குகளின் ஸ்டெதஸ்கோப் இதுதான். செயின், விசிறி பக்கம் போகாமல், தொங்கும் துண்டையும் தலைமுடியையும் ஒதுக்கிக்கொண்டு செய்யுங்கள்.

16. சத்தம் வரும்போதே செல்போனில் பதிவு செய்யுங்கள், ஓட்டிக்கொண்டே அல்ல. ஆறிய எஞ்சினா சூடானதா, எந்த கியர், எந்த வேகம், கடைசியாக எந்த வேலை பார்த்தது என்பதையும் சொல்லுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

17. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து, முறுக்க முறுக்க வலுக்கும் கனமான தட் தட் வந்தால் கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே அணைத்துவிடுங்கள். "பக்கத்துலதானே கடை" என்று ஓட்டிப் போகக் கூடாது. எஞ்சின் நடுவழியில் இறுகி நின்றால் பின்சக்கரமும் நின்றுவிடும். ஒரு குட்டி யானையைப் பிடித்து ஏற்றிச் செல்லுங்கள். அதன் வாடகை, கிராங்க் செட்டுக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான்.