டயலைக் கேட்டபின் ஸ்பேனரை எடு

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டெயில் ஸ்டாக் கொடுத்துக் கடைந்த ஷாஃப்ட், சக் பக்கத்தைவிட மறுமுனையில் 0.04 மி.மீ. தடித்து வருகிறது, பழைய லேத் ஆயிற்றே, பெட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். பிழை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த போல்ட்டிலும் கை வைக்காதே. தெரியாமல் திருகினால் ஒரு பிழை இரண்டாகும். அதன்பின் எது பழையது, எது நீ சேர்த்தது என்று பிரிக்கவே முடியாது.

முதலில் லெவல் பார். ஒரு கோட்டுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலை யாரிடமாவது இரவல் வாங்கு. பெட்டின் குறுக்கே ஹெட் ஸ்டாக் ஓரத்தில் ஒருமுறை, டெயில் ஸ்டாக் ஓரத்தில் ஒருமுறை வை. இரண்டு இடத்திலும் ஒரே சாய்வென்றால் பெரிய குற்றமில்லை. வேறு வேறு சாய்வென்றால் பெட் முறுக்கியிருக்கிறது. வார்ப்பிரும்பு அசையாது என்று நம்பாதே. ஒரு கால் போல்ட்டை இறுக்கினாலே பெட் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்து, 40 மி.மீ. கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து 200 மி.மீ. வெளியே விடு. டெயில் ஸ்டாக் கொடுக்காதே. இரு முனையிலும் வளையம்போல் கொஞ்சம் விட்டு நடுவைக் குறைத்துக்கொள். நன்றாகத் தீட்டிய டூலால், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு வளையத்திலும் ஒரே மெல்லிய கட் ஓட்டி மைக்ரோமீட்டரில் அள. வித்தியாசம் வந்தால் குறை ஹெட் ஸ்டாக்கிலோ பெட்டிலோ இருக்கிறது. இரண்டும் ஒத்து வந்தால் முதல் சந்தேகம் டெயில் ஸ்டாக்மேல்தான். அப்போது சென்டரை உன் பக்கமாக நகர்த்து; 0.04 அல்ல, அதில் பாதி, 0.02 மட்டும். சென்டர் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் விட்டத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். டயல் இண்டிகேட்டரை டெயில் ஸ்டாக் பேரல்மேல் வைத்துக்கொண்டே நகர்த்து.

கடைந்த சூட்டோடு அளந்து ஏமாறாதே. 50 மி.மீ. ஷாஃப்ட் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் விட்டம் 0.01 மி.மீ.க்குச் சற்று மேலேயே பெருக்கும். ஆறியதும் அளவு கீழே போய், பேரிங் லூஸாக உட்காரும். ஹெட் ஸ்டாக்கும் அப்படித்தான். காலையில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, சூடு நிலைத்தபின் ஃபினிஷிங் வேலையைத் தொடு.

பெட் தேய்வது பெரும்பாலும் சக்குக்குப் பக்கத்தில்தான். சேடில் அதிகம் நடமாடும் இடம் அது. வார்ப்பிரும்புத் தூளும் எண்ணெயும் சேர்ந்தால் தேய்க்கும் பசைதான். ஏர் அடித்து அதைச் சேடிலுக்கு அடியில் தள்ளாதே. பிரஷ்ஷால் கூட்டி, துணியால் துடை. எமரி போடும்போது பெட்டை மூடு. வைப்பர் ஃபெல்ட் கட்டிப்போயிருந்தால் மாற்று.

இவ்வளவும் பார்த்தபின் தேய்மானம்தான் காரணம் என்று உறுதியானால், கிரைண்டிங்கா ஸ்கிரேப்பிங்கா என்று அப்போது பேசுவோம். ஸ்கிரேப்பிங்கை மட்டமாக எண்ணாதே. இங்கிலாந்துப் பொறியாளர் விட்வொர்த் 1840-இல் விளக்கிய முறை அதுதான். மூன்று தகடுகளை ஒன்றோடொன்று மாற்றி மாற்றி ஒப்பிட்டு, மேடு தெரிந்த இடத்தை மட்டும் சுரண்டுவது. இரண்டே தகடென்றால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் பொருந்திவிடும். மூன்றும் மாறி மாறிப் பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே தீர வேண்டும். அளவு தெரிந்த கையால், தன்னிடமுள்ள மிஷினைவிடத் துல்லியமான பொருளைச் செய்ய முடியும்.

ஒரு நோட்டுப் போட்டு லெவல், வளைய அளவு, டயல் காட்டியது எல்லாவற்றையும் தேதியோடு எழுது. மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே மாதிரி அள. இரண்டு வளையத்தின் அளவையும் முதலில் எனக்கு அனுப்பு. அதுவரை கிரைண்டிங் பட்டறைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மாமன்